சீட்டில் 'வெர்டிகோ' என்று எழுதியிருக்கிறதா? அது இன்னும் நோயின் பெயர் ஆகவில்லை

கேள்வி இதுதான்: அம்மாவுக்கு 62 வயது. மூன்று வாரமாகக் காலையில் படுக்கையை விட்டு எழும்போதும், இரவில் வலப்பக்கம் புரளும்போதும் அறையே சுற்றுகிறது. குமட்டுகிறது, அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது. தலை ஸ்கேனில் ஒன்றுமில்லை. கழுத்து எக்ஸ்ரேயில் தேய்மானம் என்றார்கள். சீட்டில் 'வெர்டிகோ' என்று எழுதி மூன்று வேளை மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இது என்ன வகை, காலம் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டுமா?

தலைசுற்றலோடு வருகிறவர்களைப் பார்ப்பதே என் வேலை என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். வீட்டில் இதே தொந்தரவு உள்ள மற்றவர்களுக்கும் உதவட்டும்.

வெர்டிகோ என்பது காய்ச்சல், இருமல் மாதிரி ஓர் அறிகுறி. 'காய்ச்சல்' என்று மட்டும் எழுதி மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தால் எதனால் காய்ச்சல் என்று உடனே கேட்போம். தலைசுற்றலுக்கு மட்டும் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. சுற்றல் உள்காதிலிருந்து வரலாம், மூளையிலிருந்து வரலாம், ஒற்றைத் தலைவலியின் இன்னொரு முகமாக வரலாம், ரத்த அழுத்தம் இறங்குவதால் வரலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. ஒன்றுக்குச் செய்வது மற்றொன்றுக்கு உதவாது, சில சமயம் கெடுதலும் செய்யும்.

வகை பிரிப்பதில் முதல் சிக்கல் நம் பேச்சிலேயே இருக்கிறது. அறை சுற்றினாலும் மயக்கம், கண் இருட்டிக்கொண்டு வந்தாலும் மயக்கம், நடக்கும்போது தள்ளாடினாலும் மயக்கம், நினைவு தப்பி விழுந்தாலும் மயக்கம். அதனால் "எப்படி இருக்கிறது, சுற்றுகிறதா, மிதக்கிறதா?" என்று கேட்டு அந்தப் பதிலை வைத்து வகை பிரிப்பதுதான் நீண்ட காலமாக வழக்கம். 1972-ல் டிராக்மன், ஹார்ட் என்ற இருவர் எழுதிய கட்டுரையிலிருந்து பல தலைமுறை மருத்துவர்கள் அப்படித்தான் படித்தார்கள். ஆனால் 2007-ல் நியூமன்-டோக்கர் குழுவினர் அவசரப் பிரிவுக்குத் தலைசுற்றலோடு வந்தவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டுவிட்டு, ஆறேழு நிமிடம் கழித்து மறுபடியும் கேட்டார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் இரண்டாவது முறை வேறு வகையைச் சொன்னார்கள். யாரும் பொய் சொல்லவில்லை, அந்த உணர்வுக்குச் சரியான சொல் யாரிடமும் இல்லை, அவ்வளவுதான். அதே ஆட்களிடம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எதைச் செய்தால் வருகிறது என்று கேட்டபோது பதில் பெரும்பாலும் மாறவில்லை.

ஆகவே இப்போது நாங்கள் கேட்பது இரண்டு கேள்விதான். எவ்வளவு நேரம்? எது தூண்டுகிறது? இதை வைத்தே பெரும்பாலானவர்களை மூன்று கூட்டமாகப் பிரித்துவிடலாம். தலையையோ உடம்பையோ அசைத்தால் மட்டும் சில நொடிகள் வந்து போவது ஒன்று. எதுவும் செய்யாமல் சும்மா இருக்கும்போதே வந்து நிமிடக்கணக்கில், மணிக்கணக்கில் இருந்துவிட்டுப் போவது இரண்டு. ஒருநாள் திடீரென்று ஆரம்பித்து நிற்காமல் நாள்கணக்கில் சுற்றுவது மூன்று.

உங்கள் அம்மா முதல் கூட்டம். அதற்குள் பார்க்க வேண்டியது முக்கியமாக இரண்டு. எழுந்து நிற்கும்போது மேல் அழுத்தம் 20 புள்ளியோ கீழ் அழுத்தம் 10 புள்ளியோ மூன்று நிமிடத்துக்குள் இறங்கினால் அது நிற்கும்போது வரும் அழுத்தக் குறைவு. மற்றொன்று உள்காதுத் துகள் இடம் மாறுவதால் வரும் சுற்றல், பிபிபிவி என்று சுருக்கமாகச் சொல்வோம். இரண்டுமே காலையில் எழும்போது வரும், அதனால்தான் குழப்பம். ஆனால் படுக்கையில் புரளும்போது யாருக்கும் ரத்த அழுத்தம் இறங்காது. புரண்டால் சுற்றுகிறது என்று ஒருவர் சொன்னதுமே எனக்குப் பாதி நோயறிதல் முடிந்துவிடும்.

உள்ளே நடப்பது இது. உள்காதில் யூட்ரிக்கிள் என்று ஒரு சிறு பை. அதில் ஒரு பசைப் படலத்தின் மேல் கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டியிருக்கும். தலை சாய்வதையும் நேர்கோட்டு அசைவையும் உணர்த்த அந்த எடை தேவை. பக்கத்திலேயே பின்குழல், கிடைக்குழல், முன்குழல் என்று மூன்று அரைவட்டக் குழல்கள், உள்ளே திரவம், தலை திரும்புவதை உணர்த்துவது அவற்றின் வேலை. வயதாகும்போதோ, தலையில் அடிபட்டாலோ, உள்காதில் வேறு நோய் வந்து போனாலோ, பல நேரம் எந்தக் காரணமும் இல்லாமலோ, சில துகள்கள் உதிர்ந்து குழலுக்குள் போய்விடும். தலையைச் சாய்த்ததும் அவை திரவத்துக்குள் சரியும், திரவமும் கூடவே நகரும். தலை நின்ற பிறகும் 'இன்னும் திரும்பிக்கொண்டிருக்கிறோம்' என்று அந்தக் காது மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். துகள் அடியில் போய்ப் படிந்ததும் செய்தி நிற்கும், சுற்றலும் நிற்கும். அதனால்தான் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. மக்கள் 'காதுக்குள் கல் நகர்ந்துவிட்டது' என்று சொல்வது கிட்டத்தட்டச் சரிதான். கல் என்று சொல்லும் அளவுக்குப் பெரிதில்லை, கண்ணுக்குத் தெரியாத பொடி.

இது புதிதாகக் கண்டுபிடித்த நோயும் இல்லை. படுக்கும் நிலையைப் பொறுத்து இப்படிச் சுற்றல் வருவதை 1921-லேயே ராபர்ட் பாரானி எழுதினார், உள்காது ஆய்வுக்காக 1914-ம் ஆண்டின் நோபல் பரிசு பெற்றவர். 1952-ல் மார்கரெட் டிக்ஸ், சார்ல்ஸ் ஹால்பைக் இருவரும் இதைக் கண்டுபிடிக்கும் சோதனையை விவரித்தார்கள். எழுபது ஆண்டு தாண்டியும் அதுதான் இன்றும் முதல் சோதனை. இயந்திரம் வேண்டாம், ஒரு கட்டில் போதும். உட்கார வைத்து, தலையை ஒரு பக்கம் 45 டிகிரி திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்க வைத்து, தலை கட்டில் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே தொங்குகிற மாதிரி பிடித்துக்கொண்டு கண்ணைப் பார்க்க வேண்டும். நோய் இருந்தால் சில நொடி தாமதித்து விழி தானாகத் துள்ள ஆரம்பிக்கும். நிஸ்டாக்மஸ் என்று அதற்குப் பெயர். பின்குழலில் துகள் இருந்தால் விழி மேல்நோக்கித் துள்ளிக்கொண்டே கீழே இருக்கும் காதை நோக்கிச் சுழலும், ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். அந்தத் துள்ளலைப் பார்த்துவிட்டால் எந்தக் காது, எந்தக் குழல் என்று இரண்டும் தெரிந்துவிடும். துகளையோ அது குழலுக்குள் சரிவதையோ எம்ஆர்ஐ காட்டாது. இது கண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் நோய், அதனால்தான் "ஸ்கேனில் ஒன்றுமில்லை" என்ற பதிலைக் கேட்டு நான் ஆறுதல் அடைவதில்லை. யாராவது அம்மாவைப் படுக்க வைத்துக் கண்ணைப் பார்த்தார்களா? உங்கள் கேள்வியில் அது இல்லை.

வைத்தியமும் அதே கட்டிலில்தான். அமெரிக்காவின் போர்ட்லண்டில் இருந்த ஜான் எப்லி என்ற காது மருத்துவர், துகள் குழலுக்குள் மிதக்கிறது என்றால் தலையைச் சரியான வரிசையில் திருப்பினால் வந்த வழியே வெளியே கொண்டுவந்துவிடலாமே என்று யோசித்தார். 1980 வாக்கில் அதைச் செய்து காட்டியபோது பலர் நம்பவில்லை. கட்டுரை முறையாக வெளியானது 1992-ல்தான். அதே ஆண்டு பார்ன்ஸ், மெக்ளூர் இருவரும் அறுவை சிகிச்சையின்போது பின்குழலுக்குள் துகள்கள் மிதப்பதை நேரிலேயே பார்த்து எழுதினார்கள். அதன் பிறகு எப்லி முறை உலகம் முழுக்கப் பரவியது. வலது காது என்று வைத்துக்கொண்டால், மேலே சொன்ன சோதனை நிலையில் தலையை வலது பக்கம் வைத்தே சுற்றல் அடங்கும்வரை அரை நிமிடம் ஒரு நிமிடம் இருப்பது, பிறகு தலையை 90 டிகிரி இடப்பக்கம் திருப்பி அதே நேரம், அப்புறம் உடம்பையும் இடப்பக்கம் புரட்டி மூக்கு தரையைப் பார்க்கிற மாதிரி அதே நேரம், கடைசியாகக் காலைத் தொங்கப்போட்டு எழுந்து உட்காருவது. மொத்தம் ஐந்து நிமிடம் ஆகாது. பல ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2014-ல் வெளியான காக்ரேன் தொகுப்பில், போலிச் சிகிச்சையோ சிகிச்சையே இல்லாமலோ இருந்தவர்களில் 21 விழுக்காட்டினருக்குச் சுற்றல் முழுதாக நின்றிருந்தது, எப்லி செய்தவர்களில் 56 விழுக்காடு. இரண்டாவது, மூன்றாவது முறை செய்யும்போது இன்னும் பலருக்கு நின்றுவிடும். மாதக்கணக்கில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிய ஒருவர் இதைச் செய்த அன்றிரவு மல்லாந்து படுத்தார் என்று அவர் வீட்டார் சொல்லும்போது வருகிற நிறைவு எனக்கு இன்னும் குறையவில்லை.

எல்லோருக்கும் பின்குழல்தானா என்றால், பெரும்பாலும் ஆமாம், பத்தில் எட்டு பேருக்காவது. கிடைக்குழலில் துகள் போனால் படுத்தபடி தலையை இரண்டு பக்கமும் உருட்டிப் பார்க்கும் சோதனை வேறு, வைத்தியமும் வேறு, உடம்பை முழுச்சுற்றாக உருட்டுவது அல்லது குஃபோனி என்ற முறை. எப்லி செய்தும் கேட்கவில்லை என்று வருகிறவர்களில் சிலருக்குக் காரணம் இதுதான், குழலைத் தவறாக எடுத்திருப்பார்கள். முன்குழல் மிக அபூர்வம். விழி கீழ்நோக்கித் துள்ளினால் அதை முன்குழல் என்று சட்டென்று முடிவு கட்டாமல் மூளைப் பக்கமும் பார்த்துவிடுவது நல்லது.

இப்போது மாத்திரை. சின்னாரிசின், புரோகுளோர்பெரசின், பீட்டாஹிஸ்டின், இவற்றில் ஒன்றுதான் அம்மாவிடம் இருக்கும். எந்த மாத்திரையும் குழலுக்குள் போன துகளை வெளியே தள்ளாது. முதலிரண்டும் சமநிலை நரம்பை மந்தப்படுத்தி வாந்தியை அடக்கும், கடுமையான சுற்றலில் ஓரிரு நாளுக்கு அது உதவிதான். பிபிபிவிக்கு இப்படிப்பட்ட மருந்துகளை வழக்கமாகக் கொடுக்காதீர்கள், சோதனையில் உறுதியானால் ஸ்கேன் தேவையில்லை என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல் 2008-லேயே சொன்னது, 2017-ல் திருத்தியபோதும் அதையேதான் சொன்னது. மூன்று வாரம் சாப்பிட்டுச் சுற்றல் குறைந்தால் அது மாத்திரையால் என்று தோன்றும். துகள் பலருக்குச் சில வாரங்களில் தானாகவே கரைந்தோ வெளியேறியோ விடும், பெயர் மாத்திரைக்குப் போகும். வயதானவர்களுக்கு இந்த மருந்துகள் தூக்கக் கலக்கத்தையும் தள்ளாட்டத்தையும் கொடுத்து, எதற்குப் பயந்து மாத்திரை சாப்பிட்டார்களோ அந்த விழுதலையே வரவழைக்கும். சின்னாரிசினும் புரோகுளோர்பெரசினும் மாதக்கணக்கில் போனால் கை நடுக்கம், நடை குறுகுவது, முகம் இறுகுவது என்று பார்க்கின்சன் நோய் மாதிரியே கொண்டுவந்துவிடக்கூடியவை. அந்த நடுக்கத்துக்கு இன்னொரு மாத்திரை சேர்வதையும் பார்த்திருக்கிறேன், இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். அதற்காக நீங்களே இன்றைக்கு எதையும் நிறுத்த வேண்டாம், எழுதியவரிடமே எத்தனை நாளுக்கு என்று கேளுங்கள்.

கழுத்துத் தேய்மானத்தையும் சொல்லிவிடுகிறேன். அறுபது வயதுக்கு மேல் பெரும்பாலானவர்களின் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தால் தேய்மானம் தெரியும், சுற்றல் இருந்தாலும் இல்லாவிட்டாலும். மேல் அலமாரியை அண்ணாந்து பார்க்கும்போது சுற்றினால் கழுத்து மடங்குவதால் என்று தோன்றும், ஆனால் அப்போது தலையும்தான் சாய்கிறது. புரளும்போது தலையும் உடம்பும் சேர்ந்தே திரும்புகின்றன, கழுத்து மடங்குவதே இல்லை, அப்போதும் சுற்றுகிறது என்றால் கழுத்தின் மேல் பழி போட இடமில்லை. கழுத்துப் பட்டை போட்டுக்கொண்டு தலையை அசைக்காமல் இருந்தால் சுற்றல் வராது, உண்மைதான், தலை அசைந்தால்தானே துகள் அசையும்.

இரண்டாவது கூட்டத்தை வேகமாகச் சொல்கிறேன், உங்கள் அம்மாவுக்கு இது பொருந்தவில்லை. சும்மா இருக்கும்போதே இருபது நிமிடத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம் வரை சுற்றி, கூடவே ஒரு காதில் இரைச்சல், அடைப்பு, கேட்கும் திறன் ஏறி இறங்குவது இருந்தால் மெனியர் நோயைச் சந்தேகிக்க வேண்டும். செவித்திறன் பரிசோதனையில் தாழ்ந்த சுருதிகளில் குறைவு தெரிந்தால்தான் உறுதி சொல்ல முடியும். 1861-ல் பிரான்சின் புரோஸ்பர் மெனியர் இது காதிலிருந்து வருகிறது என்று சொல்லும்வரை இதை மூளைக் கோளாறு என்றே நினைத்திருந்தார்கள். உப்பைக் குறைப்பதில் தொடங்கி, காதுக்குள் ஊசி மருந்து வரை படிப்படியாகப் போகும் வைத்தியம் இதற்கு. பீட்டாஹிஸ்டின் இதற்காகத்தான் பெயர் பெற்றது, ஆனால் 2016-ல் வெளியான, 221 பேர் ஒன்பது மாதம் சாப்பிட்ட ஒரு ஆய்வில் போலி மாத்திரைக்கும் அதற்கும் சுற்றல் எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை. காது தொந்தரவு எதுவும் இல்லாமல், வெளிச்சமும் சத்தமும் ஒத்துக்கொள்ளாமல், ஒற்றைத் தலைவலி வரலாறும் இருந்து, ஐந்து நிமிடத்திலிருந்து மூன்று நாள் வரை நீடித்தால் அது ஒற்றைத் தலைவலியின் சுற்றல். தலைவலி கூடவே வர வேண்டும் என்று கட்டாயமில்லை, அதனால்தான் இது அதிகம் தவறிப்போகிறது. 2012-ல்தான் இதற்கு உலக அளவில் ஒத்துக்கொண்ட வரையறையே வந்தது.

மூன்றாவது கூட்டத்தில்தான் பயப்பட வேண்டும், இங்கே நிதானமாகப் படியுங்கள். திடீரென்று ஆரம்பித்து, அசையாமல் படுத்திருந்தாலும் நிற்காமல் மணிக்கணக்கில், நாள்கணக்கில் சுற்றினால் ஒன்று சமநிலை நரம்பு அழற்சி, இல்லாவிட்டால் மூளையின் பின்பகுதியில் பக்கவாதம். முதலாவது மெதுவாகச் சரியாகும், இரண்டாவதில் ஒவ்வொரு மணியும் முக்கியம். பக்கவாதம் என்றால் கை கால் இழுத்துக்கொள்ளும் என்று எல்லோரும் நினைப்பார்கள், சிறுமூளையில் வந்தால் கையும் காலும் நன்றாக அசையும், சுற்றலும் வாந்தியும் மட்டும் இருக்கலாம். சிடி ஸ்கேன் அந்தப் பகுதியில் புதிய அடைப்பைப் பெரும்பாலும் காட்டாது. முதல் இரண்டு நாளில் எம்ஆர்ஐகூடத் தவறவிடலாம். 2009-ல் கட்டா குழுவினர் கண்ணை மட்டும் பார்க்கும் மூன்று சோதனைகளைச் சேர்த்து ஹின்ட்ஸ் என்று பெயரிட்டார்கள். தலையைச் சட்டென்று திருப்பினால் விழி இலக்கை விட்டு விலகுகிறதா, பார்க்கும் திசை மாறினால் துள்ளலின் திசையும் மாறுகிறதா, ஒரு கண்ணை மாற்றி மாற்றி மூடினால் விழி மேலும் கீழும் நகர்கிறதா. பயிற்சி பெற்றவர் பார்த்தால் தொடக்க நேர எம்ஆர்ஐயைவிட இது கூடுதலாகப் பிடித்தது. இதில் பலருக்கும் தலைகீழாகப் படும் ஒரு விஷயம், தலையைத் திருப்பும் சோதனையில் விழி விலகினால்தான் பெரும்பாலும் காது நரம்பு. அந்தச் சோதனையில் விழி விலகாமல் சரியாக இருந்தால் மூளையைச் சந்தேகிக்க வேண்டும். சுற்றல் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும் ஆளுக்கு மட்டுமே இந்தச் சோதனை செல்லும், உங்கள் அம்மாவைப் போல வந்து போகிறவருக்குச் செய்தால் தவறான பதிலே கிடைக்கும்.

சுற்றலோடு இரட்டையாகத் தெரிவது, பேச்சு குழறுவது, முகமோ கையோ மரத்துப்போவது, பிடிமானம் இல்லாமல் உட்காரவே முடியாதது, இதுவரை வராத கடும் தலைவலி அல்லது கழுத்துவலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் எந்த வகை என்று யோசிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனாலும் அன்றே காட்ட வேண்டும், ஸ்டீராய்டு மருந்து சீக்கிரம் தொடங்கினால்தான் பலன்.

நரம்பு அழற்சி என்று உறுதியானால் அடக்கும் மாத்திரை இரண்டு மூன்று நாள் மட்டும். அதற்குப் பிறகு தலையையும் கண்ணையும் அசைக்கும் பயிற்சி, நடை. ஒரு காது பலவீனமானதை மூளை கற்றுக்கொண்டு ஈடுகட்ட வேண்டும், மாத்திரையால் மந்தமாக்கி வைத்தால் அந்தக் கற்றல் தள்ளிப்போகும். படுத்தே கிடப்பதாலும் அதேதான்.

பிபிபிவிக்குத் திரும்பி வருகிறேன். இது மறுபடி வரும் நோய், ஐந்து ஆண்டுக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒருமுறையாவது வருகிறது. அப்படி வந்தால் முதல் சிகிச்சை தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை, புதிதாகத் துகள் உதிர்ந்திருக்கிறது, மறுபடியும் அதே ஐந்து நிமிடம். 2020-ல் கொரியாவில் 957 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ரத்தத்தில் வைட்டமின் டி அளவு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தவர்களுக்கு வைட்டமின் டியும் கால்சியமும் ஓராண்டு கொடுத்தபோது மறுபடி வருவது 24 விழுக்காடு குறைந்தது. அம்மாவுக்கு அந்த ரத்தப் பரிசோதனை ஒன்று செய்து பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. சிகிச்சைக்குப் பிறகு சில நாள் தலை லேசாக மிதப்பது போல இருக்கும், அது போய்விடும். நிமிர்ந்தே தூங்கு, குனியாதே என்ற கட்டுப்பாடுகள் தேவையில்லை. சிலருக்குத் துகள் போன பிறகும் பயம் போகாமல், தலையை விறைப்பாகவே வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் நிலையில்லாத உணர்வோடு இருப்பார்கள். மூன்று மாதத்துக்கு மேல் பெரும்பாலான நாள் அப்படி இருந்தால் அது தனி நோய்நிலை, 2017-ல் அதற்கும் வரையறை வந்துவிட்டது, பயிற்சியும் மனநலச் சிகிச்சையும் நன்றாக உதவும். அதை "மனப்பிரமை" என்று வீட்டில் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ நரம்பியல் மருத்துவரிடமோ போகும்போது 'மயக்கம்' என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டு, "வலப்பக்கம் புரண்டால் அரை நிமிடம் சுற்றுகிறது" என்று அப்படியே சொல்லுங்கள். முடிந்தால் அடுத்த முறை சுற்றும்போது கண்ணைத் திறந்து வைக்கச் சொல்லிக் கைப்பேசியில் விழியை மட்டும் பக்கத்திலிருந்து படம் பிடியுங்கள், அந்தப் பத்து நொடிக் காட்சி எனக்கு ஒரு கட்டு ஸ்கேனைவிடப் பயன்படும். டிக்ஸ்-ஹால்பைக் சோதனை செய்தீர்களா என்று கேட்கத் தயங்காதீர்கள். படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் காது, எந்தக் குழல் என்று உறுதியாகும்வரை காணொளியைப் பார்த்து வீட்டில் எப்லி செய்ய வேண்டாம். கழுத்தில் அறுவை சிகிச்சை ஆனவர், கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவர், அண்மையில் விழித்திரை விலகியவர் என்றால் அதை முன்னதாகவே சொல்லிவிடுங்கள், அதற்கு ஏற்றபடி முறையை மாற்றிச் செய்யலாம். அதுவரை அம்மா எழுந்திருக்கும்போது இடப்பக்கமாகப் புரண்டு, ஒரு நிமிடம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பிறகு நிற்கட்டும். இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு விளக்கு எரியட்டும், இந்த வயதில் ஒரு இடுப்பெலும்பு முறிவு சுற்றலைவிடப் பெரிய துன்பம். சோதனையில் எந்தப் பக்கம், விழி எப்படித் துள்ளியது என்று சொன்னார்கள் என்பதைக் கேட்டு எழுதுங்கள், அடுத்தது என்ன என்று அதை வைத்துச் சொல்கிறேன்.